வயதின் தேய்வும் தொழிலின் தேய்வும்: பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் உடல் இயலாமை வரலாறு (1842–2009)

ஆய்வுச் சுருக்கம்

நெடுங்காலம் உடலுழைப்பில் ஈடுபட்டு முதிர்ந்த ஒருவரின் தளர்ச்சியில் வயதுக்கு உரியது எவ்வளவு, தொழிலுக்கு உரியது எவ்வளவு என்னும் வினா, தொழில் மருத்துவ வரலாற்றின் நீங்காத வினாக்களுள் ஒன்றாகும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கண், மூச்சு, முழங்கால் ஆகியவற்றில் தோன்றிய இயலாமைகள் 1842 முதல் 2009 வரை எவ்வாறு அறியப்பட்டன, எவ்வாறு சட்டத்தால் ஏற்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரும் தொடக்க நாளும் உடைய கேடுகளைச் சட்டம் விரைவில் ஏற்றது. முதுமையிலும் இயல்பாகத் தோன்றக்கூடிய மெல்லிய தேய்வுகளை ஏற்க மிக நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மருத்துவ அறிவின் குறைபாடு மட்டுமன்று. தொழிலாளரின் உடலை எவரோடு ஒப்பிடுவது என்ற அளவுகோல் சிக்கலே அதில் பெரும்பங்கு வகித்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: தொழில்நோய், முதுமை, உடல் இயலாமை, நிலக்கரிச் சுரங்கம், இழப்பீட்டுச் சட்டம், மூட்டுத் தேய்வு, நியூமோகோனியோசிஸ், கோலார்

முன்னுரை

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் குறித்த தமது நூலை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்க வேண்டும் என்பது அந்நூலின் நிலைத்த கொடை. சுரங்கம் தோண்டுவோரைப் பற்றிய இயலே அதன் முதல் இயலாக அமைந்தது. தொழில் உடலைக் கெடுக்கும் என்னும் அறிவு, ஆகவே, மிகப் பழையது. எனினும் இளையோரிடம் தோன்றும் கேட்டைத் தொழிலோடு பொருத்திக் காண்பது போல, ஐம்பது அல்லது அறுபது வயதினரிடம் தோன்றும் கேட்டை எளிதில் பொருத்திவிட இயலாது. முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் முதுகுப் பிடிப்பும் எத்தொழிலும் செய்யாதவர்க்கும் முதுமையில் வரக்கூடியவை. அவ்வாறெனில், சுரங்கத்தில் முப்பதாண்டுகள் மண்டியிட்டவரின் முழங்காலில் சுரங்கத்தின் பங்கை எவ்வாறு பிரித்தறிவது?

இவ்வினாவை ஆராய்வதற்குப் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கம் பொருத்தமான களமாகும். தலைமுறை தலைமுறையாக ஒரே பள்ளத்தாக்கில் ஒரே தொழிலைச் செய்த மக்கள், ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசு விசாரணைகள், இழப்பீட்டுச் சட்டங்கள், மருத்துவக் கள ஆய்வுகள் ஆகியன அங்கு ஒருங்கே கிடைக்கின்றன. இத்தொழிலைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் வெடிவிபத்துகளையும் வேலைநிறுத்தங்களையுமே மையப்படுத்தியுள்ளன. உயிரோடு வெளியே வந்தவர்கள் எவ்வாறு முதிர்ந்தனர் என்பது அவற்றில் குறைவாகவே பேசப்பட்டுள்ளது.

1. நாற்பதில் தொடங்கிய முதுமை

1842ஆம் ஆண்டில் வெளிவந்த சிறார் தொழில் விசாரணைக் குழுவின் அறிக்கை, சுரங்கங்களில் சிறுவரும் பெண்களும் பட்ட துன்பங்களை வெளிப்படுத்தியமைக்காகவே நினைவுகூரப்படுகிறது. அதன் விளைவாக அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. ஆனால் அவ்விசாரணை வயதுவந்த ஆண்களைப் பற்றியும் சான்றுகளைத் திரட்டியிருந்தது. அச்சான்றுகளைப் பயன்படுத்திய பிரீட்ரிக் எங்கெல்ஸ், 1845இல் வெளியான தமது நூலில், நிலக்கரித் தொழிலாளர் நாற்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே உழைக்கும் ஆற்றலை இழக்கின்றனர் என்றும், அவ்வயது இடத்திற்கு இடம் வேறுபடுகிறது என்றும் எழுதினார்.

இவற்றுள் இரண்டாவது செய்தி முதலாவதைவிட முக்கியமானது. தளர்ச்சி வயதால் மட்டுமே வருவதாயின் அது மாவட்டத்திற்கு மாவட்டம் இவ்வளவு வேறுபடுவதற்கு இயல்பான காரணம் இல்லை. வேறுபட்டவை வேலைச் சூழல்களே. நிலக்கரி அடுக்கு தடித்திருந்த இடங்களில் தொழிலாளர் நின்று வெட்டினர். அடுக்கு மெலிந்திருந்த இடங்களில் மண்டியிட்டோ ஒருக்களித்துப் படுத்தோ வெட்டினர். நீர் கசியும் சுரங்கங்கள் இருந்தன. காற்றோட்டம் நன்கமைந்தவையும் அமையாதவையும் இருந்தன. இடத்தையொட்டி முதுமை வேறுபட்டது என்பதே, முதுமைக்குள் தொழில் கலந்திருந்தது என்பதற்கான தொடக்கச் சான்றாகும்.

வயது முதிர்ந்த தொழிலாளரைச் சுரங்கச் சமூகம் தனக்கே உரிய முறையில் கையாண்டது. நிலக்கரி முகப்பில் வெட்டுவோர் வெட்டிய அளவுக்கேற்பக் கூலி பெற்றனர். வலிமை குன்றியவர் அங்கிருந்து விலகிப் பாதை செப்பனிடுதல் போன்ற நாட்கூலி வேலைகளுக்கு மாறினர். பின்னர் நிலத்துக்கு மேலே, நகரும் பட்டையில் வரும் நிலக்கரியிலிருந்து கற்களைப் பொறுக்கும் இடத்தை அடைந்தனர். அவ்விடத்தில்தான் சிறுவர்களும் தம் தொழில் வாழ்வைத் தொடங்கினர். தொடங்கிய இடத்துக்கே முதுமையில் திரும்பி, சிறுவரோடு நின்று, சிறுவருக்கு நிகரான கூலி பெறும் இந்நிலையைக் குறிக்கச் சுரங்க மக்களிடையே பழமொழியே வழங்கியது. இயலாமைக்கு அக்காலத்தில் மருத்துவப் பெயர் இல்லை. அது கூலிக் குறைவாகவே வெளிப்பட்டது.

2. எஞ்சியோரின் வலிமையும் புள்ளிவிவரத்தின் மயக்கமும்

எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் கிரெகரி 1831இல், நிலக்கரித் தொழிலாளர் ஒருவரின் கறுத்த நுரையீரலைப் பிணக்கூறாய்வில் கண்டு விவரித்தார். தொழிலாளர் உமிழும் கரிய கோழை ஸ்காட்லாந்து மருத்துவர்களுக்குப் பழக்கமான அறிகுறியாக இருந்தது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவக் கருத்து எதிர்த்திசையில் திரும்பியது. காற்றோட்டம் மேம்பட்டுவிட்டமையால் அந்நோய் மறைந்துவிட்டது என நம்பப்பட்டது. நிலக்கரித் தொழிலாளரிடையே காசநோய் இறப்பு குறைவாக இருந்தமை இந்நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தது. சுரங்கக் காற்றைப் பற்றிய ஆய்வில் பெரும்புகழ் பெற்றிருந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், சிலிக்கா கலந்த கல்தூசியே கேடு விளைவிப்பது, நிலக்கரித் தூசி தீங்கற்றது என்னும் கருத்தைக் கொண்டிருந்தார். அவரது செல்வாக்கால் அக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது.

இங்கு ஓர் அளவியல் சிக்கலைக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தின் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஓகிள், தொழில்வாரியான இறப்பு விகிதங்களைப் பற்றி 1885இல் எழுதியபோதே அதனைச் சுட்டிக்காட்டினார். கடினமான தொழில்களில் வலியவரே சேர்கின்றனர். நலங்குன்றியவர் அத்தொழிலை விட்டு எளிய தொழில்களுக்குச் செல்கின்றனர். ஆகவே கடினத் தொழிலில் எஞ்சியிருப்போரின் நலம் உள்ளதைவிடச் சிறந்ததாகவும், எளிய தொழிலில் இருப்போரின் நலம் உள்ளதைவிட மோசமானதாகவும் தோன்றும். பின்னாளில், 1970களில், தொற்றுநோயியலாளர் இதற்கு ‘நலமுற்ற தொழிலாளர் விளைவு’ எனப் பெயரிட்டனர்.

முதிய தொழிலாளரைப் பொறுத்தவரை இம்மயக்கம் இருமடங்காகிறது. ஐம்பத்தைந்து வயதிலும் நிலக்கரி முகப்பில் வேலை செய்பவர், தம்மோடு தொடங்கியவர்களுள் தாக்குப்பிடித்த சிலருள் ஒருவர். அவரை மட்டும் பார்ப்பவருக்குச் சுரங்கம் உடலை உறுதியாக்கும் இடமாகவே தோன்றும். அவரோடு தொடங்கி முப்பத்தெட்டில் விலகியவர் அக்கணக்கில் இடம்பெறமாட்டார். முதுமையின் இயலாமையை ஆராய்வோர், பணியில் இருப்போரோடு பணியிலிருந்து விலகியோரையும் தேடிக் கண்டாக வேண்டும் என்பது ஓகிளின் எச்சரிக்கையிலிருந்து பெறப்படும் நெறி. அது நடைமுறைக்கு வர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

3. நாள் குறிக்கக்கூடிய கேடு: 1897–1934

1897ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் சுரங்கங்கள் உள்ளிட்ட சில தொழில்களில் நேரும் விபத்துகளுக்கு, முதலாளியின் தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் இழப்பீடு வழங்க வகைசெய்தது. விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு, சாட்சிகளும் இருக்கலாம். 1906ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தொழில்நோய்களுக்கும் விரிவாக்கியபோது, நோயையும் விபத்தின் வடிவத்திலேயே கண்டது. அட்டவணையில் குறிக்கப்பட்ட நோய், குறிக்கப்பட்ட தொழில், சான்றளிக்கப்பட்ட தொடக்க நாள் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. முதலில் ஆறு நோய்களே அட்டவணையில் இருந்தன. ஹெர்பர்ட் சாமுவேல் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 1907இல் அது விரிவடைந்தது. சுரங்கத் தொழிலாளரின் கண்நடுக்கமும், கை, முழங்கை, முழங்கால் ஆகியவற்றில் அழுத்தத்தாலும் உராய்வாலும் தோன்றும் அழற்சிகளும் அப்போது சேர்க்கப்பட்டன.

கண்நடுக்கத்தின் வரலாறு, வேலைச் சூழலை மாற்றினால் இயலாமை மறையும் என்பதற்கு எடுத்துக்காட்டாகும். இந்நோயால் பாதிக்கப்பட்டவரின் கண்மணிகள் இடையறாது அசைந்தன. பார்க்கும் பொருள்கள் ஆடுவனபோல் தோன்றின. தலைசுற்றலும் தலைவலியும் தொடர்ந்தன. பல ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்தவரிடமே இது மிகுதியாகக் காணப்பட்டது. ஷெஃபீல்டு கண் மருத்துவர் சிமியன் ஸ்நெல், ஒருக்களித்துப் படுத்து மேல்நோக்கியவாறே வெட்டும் உடல்நிலையே இதற்குக் காரணம் என 1892இல் வாதிட்டார். லிஸ்டர் லுவெல்லின் 1912இல், பாதுகாப்பு விளக்கின் மங்கிய ஒளியே காரணம் என்றார். வெடிப்பைத் தடுக்கக் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு விளக்கு ஒளியில் மிகவும் குறைந்தது என்பதும், கரிய சுவர்கள் அவ்வொளியையும் விழுங்கிவிட்டன என்பதும் கருதத்தக்கவை. தொழிலாளர் நோய்போல் நடிக்கின்றனர் என்ற ஐயம் நெடுங்காலம் எழுப்பப்பட்டது. தலையில் பொருத்தும் மின்விளக்குகள் பரவலானபின் இந்நோய் படிப்படியாக மறைந்தது. நோயாளியின் மனத்திலோ வயதிலோ தேடப்பட்ட காரணம் விளக்கில் இருந்தது.

முழங்கால் அழற்சியின் நிலை வேறு. மண்டியிட்டு வேலை செய்பவரின் முழங்காலில் தோன்றும் வீக்கமும் சீழும் சில வாரங்களில் ஆறக்கூடியவை. அவை தொடங்கிய நாளும் நீங்கிய நாளும் தெரியும். ஆகவே 1907இலேயே சட்டம் அவற்றை ஏற்றது. அதே முழங்காலில் அதே நிலையில் ஆண்டுக்கணக்கில் மண்டியிட்டதால் உள்ளே குருத்தெலும்பு தேய்வது எந்த நாளில் தொடங்கியது என்று எவராலும் கூற இயலாது. அது சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908இல் இயற்றப்பட்டபோது அதற்குரிய வயது எழுபது என வரையறுக்கப்பட்டது. நாற்பதுகளிலேயே முகப்பு வேலையைத் தொடர இயலாதவருக்கும் எழுபதில் தொடங்கும் ஓய்வூதியத்துக்கும் இடைப்பட்ட கால்நூற்றாண்டைக் குறைந்த கூலியும் குடும்பத்தாரின் உழைப்பும் சங்கங்களின் உதவியும் ஏழையர் நிவாரணமுமே நிரப்பின.

4. தூசியும் மூச்சும்: 1934–1997

சிலிக்கோசிஸுக்கான இழப்பீடு முதலில் கடினமான பாறையைத் துளையிடுவோருக்கு மட்டும் வழங்கப்பட்டது; 1934இல் நிலத்தடியில் வேலை செய்யும் நிலக்கரித் தொழிலாளர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் தெற்கு வேல்ஸின் ஆந்த்ரசைட் நிலக்கரிப் பகுதியிலிருந்து வந்த பலருடைய ஊடுகதிர்ப்படங்கள் சிலிக்கோசிஸின் வழக்கமான தோற்றத்தைக் காட்டவில்லை. அவர்களால் மூச்சுவிட இயலவில்லை. எனினும் சட்டம் கேட்ட நோய் அவர்களிடம் இல்லை. இத்தகையோருள் ஒருவர் டிரெடிகர் ஊரைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர் டேவிட் பெவன். அவர் 1925இல் நுரையீரல் தூசிநோயால் இறந்தபோது அந்நோய் அட்டவணையில் இல்லாமையால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. தந்தையைத் தம் கைகளில் இழந்த மகன் அனைரின் பெவன், பின்னாளில் நலத்துறை அமைச்சராகித் தேசிய நலச் சேவையை நிறுவினார்.

மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1937இல் தெற்கு வேல்ஸில் விரிவான கள ஆய்வைத் தொடங்கியது. பிலிப் டார்சி ஹார்ட்டும் எட்வர்ட் அஸ்லெட்டும் அம்மன்ஃபோர்டு பகுதியில் ஆய்வை முன்னின்று நடத்தினர். கல்லைத் தொடாமல் நிலக்கரியை மட்டுமே வெட்டியவரிடமும் நுரையீரல் பாதிப்பு இருப்பது அதில் தெளிவாயிற்று. இதற்கு மற்றொரு திசையிலிருந்தும் சான்று வந்தது. துறைமுகங்களில் கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரியைப் பரப்பிச் சமப்படுத்திய தொழிலாளரைக் கார்டிஃப் நோய்க்கூற்றியலாளர் ஜெத்ரோ கஃப் ஆராய்ந்து 1940இல் எழுதினார். கல்தூசியைச் சுவாசிக்காத இத்தொழிலாளரின் நுரையீரல்களும் பாதிக்கப்பட்டிருந்தன. நிலக்கரித் தூசி தீங்கற்றது என்னும் கருத்து இத்துடன் நிலைகுலைந்தது. 1943இல் வகுக்கப்பட்ட இழப்பீட்டுத் திட்டம் நிலக்கரித் தொழிலாளரின் நியூமோகோனியோசிஸை ஏற்றது. ஆனால் சான்று பெற்றவர் சுரங்கத் தொழிலிலிருந்து விலக்கப்பட்டார். வேறு தொழில் அரிதாக இருந்த பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கானோர் இதனால் வேலையிழந்தனர். பின்னரே தூசி குறைந்த இடங்களில் அவர்கள் பணிசெய்ய வழிவகுக்கப்பட்டது. இழப்பீட்டுப் பொறுப்பை முதலாளிகளிடமிருந்து அரசுக் காப்பீட்டுக்கு மாற்றிய 1946ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ், அம்மன்ஃபோர்டு வட்டாரத்தில் சுரங்கத் தொழிலாளராக இருந்தவர் என்பது குறிக்கத்தக்கது.

1945இல் கார்டிஃபுக்கு அருகே நிறுவப்பட்ட நியூமோகோனியோசிஸ் ஆய்வுப் பிரிவு, இயலாமையை அளக்கும் முயற்சியில் முன்னோடியாயிற்று. அதன் இயக்குநர் சார்லஸ் ஃபிளெச்சர் வகுத்த மூச்சுத்திணறல் அளவுகோல் ஐந்து படிநிலைகளைக் கொண்டது. கடும் உழைப்பின்போது மட்டும் இரைப்பது முதற்படி. ஆடை அணியும்போதே இரைத்து வீட்டைவிட்டு வெளியேற இயலாமை இறுதிப்படி. இடைப்பட்ட மூன்றாம் படி, சமதரையில் தம் வயதை ஒத்தவரோடு இணைந்து நடக்க இயலாமையைக் குறிக்கிறது. இன்றும் உலகெங்கும் பயன்படும் இவ்வளவுகோலில் வயதுக்கும் நோய்க்குமான எல்லை இம்மூன்றாம் படியில் வரையப்பட்டுள்ளது. ஒத்த வயதினர் எவ்வேகத்தில் நடக்கிறார்களோ அது முதுமை. அதற்குப் பின்தங்குவது நோய். ஆனால் ஒரு பள்ளத்தாக்கில் ஒத்த வயதினருள் பெரும்பாலோர் சுரங்கத்தில் உழைத்தவர்களாகவே இருப்பின், அவர்களது தளர்ந்த நடையே முதுமையின் அளவாகிவிடும்.

இதற்குத் தீர்வாக அமைந்தவை மக்கள்தொகை முழுவதையும் தழுவிய ஆய்வுகளாகும். ஆர்ச்சி காக்ரன் 1950களின் தொடக்கத்தில் ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கில், பணியில் இருந்தோர், விலகியோர், சுரங்கத்தையே அறியாதோர் ஆகிய அனைவரையும் வீடுவீடாகத் தேடி ஊடுகதிர்ப்படம் எடுத்தார். ஓகிளின் எச்சரிக்கை இங்குதான் முறையாகப் பின்பற்றப்பட்டது. லங்காஷயரின் லீ நகரில் ஹிக்கின்ஸும் பிறரும் 55 முதல் 64 வயதுவரையுள்ள ஆண்களைச் சமவாய்ப்பு முறையில் தெரிந்தெடுத்து ஆராய்ந்து 1956இல் முடிவுகளை வெளியிட்டனர்.

இவ்வாய்வுகள் எதிர்பாராத ஒரு சிக்கலையும் கொணர்ந்தன. ஊடுகதிர்ப்படத்தில் தோன்றும் நிழலின் அளவும் தொழிலாளரின் மூச்சுத்திணறலும் நெருங்கிப் பொருந்தவில்லை. நிழல் குறைந்த பலர் மிகுதியாகத் திணறினர். அத்திணறலுக்குப் புகைபிடித்தலும் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் காரணமாகக் கூறப்பட்டன. 1966இல் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் அறிக்கையொன்று, மூச்சுக்குழல் அழற்சியில் தொழில் தூசிக்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்ற முடிவை எட்டியது. ஆனால் தேசிய நிலக்கரி வாரியம் 1950கள் முதல் பல சுரங்கங்களில் நடத்திவந்த தொடர் ஆய்வின் தரவுகளைக் கொண்டு ரோகனும் பிறரும் 1973இல் மாறான முடிவை வெளியிட்டனர். வாழ்நாளில் சுவாசித்த தூசியின் மொத்த அளவு மிகமிக, நுரையீரலின் ஆற்றல் குறைந்தது. இவ்வுண்மை புகைபிடிக்காதவருக்கும் பொருந்தியது.

சட்டம் இதனை ஏற்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1993இல் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் எம்ஃபிசீமாவும் நிலக்கரித் தொழிலாளரின் தொழில்நோய்களாக ஏற்கப்பட்டன. நிலத்தடியில் இருபதாண்டு உழைப்பு, ஊடுகதிர்ப்படத்தில் தூசியின் அடையாளம் ஆகியவற்றோடு மூன்றாவது நிபந்தனையும் விதிக்கப்பட்டது. முதல் நொடியில் வெளியேற்றும் காற்றின் அளவு, அதே வயதும் உயரமும் உடைய ஆண்களின் சராசரியைவிட ஒரு லிட்டராவது குறைந்திருக்க வேண்டும். ஊடுகதிர்ப்பட நிபந்தனை 1997இல் நீக்கப்பட்டது. ஒரு லிட்டர் என்னும் அளவு நீடித்தது. நலமுடைய ஒருவரிடம் இக்காற்றளவு இருபதுகளின் நடுவில் உச்சத்தை அடைந்து, பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் குறைகிறது. அக்கணக்கில் ஒரு லிட்டர் என்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமைக்குச் சமமாகும். அறுபது வயதில் தொண்ணூறு வயதினரின் மூச்சை உடையவரே தொழிலால் பாதிக்கப்பட்டவராகக் கொள்ளப்பட்டார். இருபது ஆண்டுக்கான தேய்வைத் தொழிலால் கூடுதலாகப் பெற்றவரின் இழப்பு, அளவையில் தெளிவாகப் பதிவாகியும், சட்டத்தில் இழப்பாகவில்லை.

5. முழங்கால்: 1907 முதல் 2009 வரை

மூட்டுகளைப் பற்றிய ஆய்வில் லங்காஷயர் நிலக்கரிப் பகுதி சிறப்பிடம் பெறுகிறது. ஜோனாஸ் கெல்கிரெனும் ஜான் லாரன்ஸும் சுரங்கத் தொழிலாளரின் வாதநோய்களைப் பற்றி 1952இல் வெளியிட்ட ஊடுகதிர்ப்பட ஆய்வு, நாற்பதுகளில் இருந்த மூவகை ஆண்களை ஒப்பிட்டது. முதல் வகையினர் சுரங்கத் தொழிலாளர். இரண்டாம் வகையினர் பிற உடலுழைப்பாளர். மூன்றாம் வகையினர் அலுவலகப் பணியாளர். வயது ஒன்றாக இருக்க, தொழில் மட்டும் வேறுபட்டமையால், வேறுபாட்டைத் தொழிலுக்கு உரியதாகக் கொள்ள வழிபிறந்தது. முழங்கால் மூட்டுத் தேய்வும் இடுப்புப் பகுதி முதுகெலும்பு வட்டுகளின் தேய்வும் சுரங்கத் தொழிலாளரிடம் மிகுந்திருந்தன. மூட்டுத் தேய்வைச் சுழியம் முதல் நான்குவரை தரப்படுத்தும் முறையை அவ்விருவரும் 1957இல் வெளியிட்டனர். உலகெங்கும் மூட்டு மருத்துவத்தில் அவர்கள் பெயரால் இன்றளவும் வழங்கும் முறை அதுவே.

இத்தனைக்குப் பின்னரும் முழங்கால் மூட்டுத் தேய்வு நிலக்கரித் தொழிலாளரின் தொழில்நோயாக 2009ஆம் ஆண்டில்தான் ஏற்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு ஆய்விலிருந்து கணக்கிட்டால் 57 ஆண்டுகள். அதே முழங்காலின் அழற்சி அட்டவணையில் ஏறிய 1907இலிருந்து கணக்கிட்டால் 102 ஆண்டுகள். இத்தாமதத்திற்கான காரணம் சட்டத்தின் அடிப்படைத் தருக்கத்தில் உள்ளது. முழங்கால் தேய்வு பொதுமக்களிடையே முதுமையில் பரவலாகக் காணப்படுவது. ஒருவரது மூட்டைப் பார்த்து அது சுரங்கத்தால் தேய்ந்ததா, வயதால் தேய்ந்ததா என மருத்துவரால் கூற இயலாது. இரண்டும் ஒரே தோற்றம் உடையவை. ஆகவே தொழில்காயங்கள் பற்றிய அரசு ஆலோசனைக் குழு தனிமனிதரை விடுத்துக் கூட்டத்தின் விகிதத்தை நாடியது. ஒரு தொழிலில் ஒரு நோய் வரும் வாய்ப்பு பிறரைவிட இருமடங்குக்கு மேற்படின், அத்தொழிலில் நோயுற்ற ஒருவருக்குத் தொழிலே காரணமாயிருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேலாகும். இவ்விருமடங்கு விதியின்படி, நிலத்தடியில் பத்தாண்டுகள் உழைத்தோருக்கு இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது. இயந்திரமயத்தால் வேலைமுறை மாறிவிட்டமையால் 1986க்குப் பிந்தைய காலத்துக்குக் குறிப்பிட்ட பணிகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன.

இவ்விதி அறிவுக்கு இசைந்தது. தனிமனிதரை ஐயுறுவதைத் தவிர்ப்பது. எனினும் அதன் வரம்பும் தெளிவானது. ஒரு தொழில் முழங்கால் தேய்வை ஒன்றரை மடங்காக்கினால், நோயுற்ற மூவருள் ஒருவர் தொழிலால் நோயுற்றவராவார். ஆனால் மூவருக்குமே இழப்பீடு இல்லை. முதுமையில் எந்நோய் பொதுமக்களிடையே பரவலாக உள்ளதோ, அந்நோயில் தொழிலின் பங்கை மெய்ப்பிப்பது அவ்வளவு கடினமாகிறது.

6. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்

1984–85ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப் பின் பிரித்தானியச் சுரங்கங்கள் விரைந்து மூடப்பட்டன. வேலையிழந்த ஆண்களுள் பெரும்பகுதியினர் வேலையற்றோர் பட்டியலில் தோன்றவில்லை. இயலாமை உதவித்தொகை பெறுவோர் பட்டியலில் தோன்றினர். கிறிஸ்டினா பீட்டியும் ஸ்டீவ் ஃபாதர்கிலும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதனை மறைந்த வேலையின்மை என விளக்கியது. உழைக்க இயன்றவர் இயலாதவராக நடிக்கின்றனர் என அரசியல் மேடைகளில் எழுந்த குற்றச்சாட்டுக்கு இங்கு வரலாறு வேறொரு விடையைத் தருகிறது. தேய்ந்த முழங்காலும் குறைந்த மூச்சும் சுரங்கம் மூடப்பட்ட நாளில் தோன்றியவையல்ல. சுரங்கம் இயங்கியவரை, தளர்ந்தவருக்கு ஏற்ற இலகுவான பணிகளும், அவரை அறிந்த சக தொழிலாளரின் துணையும் அங்கு இருந்தன. அவை நீங்கியதும், அதுவரை தாங்கப்பட்ட குறைபாடு இயலாமையாக வெளிப்பட்டது. இயலாமை என்பது உடலின் நிலை மட்டுமன்று. உடலுக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியுமாகும்.

நுரையீரல் நோய் குறித்துத் தொழிலாளர் தொடுத்த வழக்கில் 1998இல் உயர்நீதிமன்றம் நிலக்கரிக் கழகத்தின் பொறுப்பை உறுதிசெய்தது. அதன்பின் நுரையீரல் நோய்க்கும் அதிர்வால் நேரும் விரல் நோய்க்கும் ஏற்படுத்தப்பட்ட இரு திட்டங்களுக்கும் ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. புகைபிடித்தலுக்குரிய பங்கு கழிக்கப்பட்டே நுரையீரல் இழப்பீடு கணக்கிடப்பட்டது. விண்ணப்பித்தோருள் கைம்பெண்களும் மறைந்தோரின் பிள்ளைகளும் பலர். மூச்சுக்கு உரியதைக் கேட்க மூச்சுடையோர் பலர் எஞ்சியிருக்கவில்லை.

7. கோலார்: ஒரு குறிப்பு

இவ்வரலாறு தமிழியல் ஆய்வுக்கு அயலானதன்று. கோலார் தங்கவயலை 1880 முதல் நிர்வகித்த ஜான் டெய்லர் நிறுவனம் பிரித்தானிய நிறுவனமாகும். அங்கு நிலத்தடியில் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவருள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. தங்கம் பொதிந்த குவார்ட்ஸ் பாறை சிலிக்கா மிகுந்தது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் 1947இல் இவ்வயல்களிலிருந்தே முதலில் அறிவிக்கப்பட்டதாகப் பொதுநல மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பிரித்தானிய இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் விபத்து, அட்டவணை நோய் என்னும் பிரித்தானியச் சட்டகத்தையே பின்பற்றியது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேல்ஸ் பள்ளத்தாக்குகளைப் பற்றி எழுப்பப்பட்ட வினாக்கள் அனைத்தும் இங்கும் எழுகின்றன. பணியில் எஞ்சியோரைப் பற்றிய ஆவணங்களோடு, இடையில் விலகி ஊர் திரும்பியோரின் உடல்நிலையையும் கூலி மாற்றங்களையும் வாய்மொழி வழக்காறுகள் வழியாகத் தொகுப்பது இன்று முதுமையடைந்துள்ள தலைமுறையோடு முடிந்துவிடக்கூடிய பணியாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சட்டம் தொழில்நோயை விபத்தின் வடிவில் கண்டமையால், நாள் குறிக்கக்கூடிய கேடுகள் முன்னரும், மெல்லத் தேயும் கேடுகள் மிகப் பின்னரும் ஏற்கப்பட்டன. ஒரே உறுப்பான முழங்காலில் இவ்விரு கேடுகளுக்கும் இடையில் 102 ஆண்டு இடைவெளி நிலவியது இதற்குத் தெளிவான சான்று. இரண்டாவதாக, தொழிலின் பங்கை வெளிப்படுத்தியவை ஒப்பீட்டின் தரத்தை உயர்த்திய ஆய்வுகளே. விலகியோரைச் சேர்த்துக்கொண்ட காக்ரனின் ஆய்வும், வயதை நிலைநிறுத்தித் தொழிலை மாற்றிப் பார்த்த கெல்கிரென், லாரன்ஸ் ஆய்வும், சுவாசித்த தூசியை அளந்த 1973ஆம் ஆண்டு ஆய்வும் அத்தகையவை. மூன்றாவதாக, வயதுக்குரிய சராசரியைக் கழித்து எஞ்சுவதையே தொழிலின் கேடாகக் கொள்ளும் முறை, கழிக்கப்படும் சராசரி எத்தகைய மக்களிடமிருந்து பெறப்பட்டது என்பதையும், எஞ்சுவது எவ்வளவு மிகுந்தால் ஏற்பது என்பதையும் ஆராயாதவரை நடுநிலையானதாகாது.

வயது உடலைத் தளர்த்துவது உண்மை. ஆயினும் இளமையில் தொழில் எடுத்துக்கொண்ட ஆற்றலின் இழப்பு அப்போதே தெரிவதில்லை. உடலின் கையிருப்பு அதனை மறைக்கிறது. வயது அக்கையிருப்பைக் குறைக்கும்போதே அவ்விழப்பு வெளிப்படுகிறது. வெளிப்படும் காலத்தைக் காரணமாகக் கொண்டமையே இந்நெடிய தாமதத்தின் அடிப்படைப் பிழையாகும். 1842ஆம் ஆண்டு அறிக்கைக்காகத் திரட்டப்பட்ட சான்றுகளிலேயே முதுமை இடத்துக்கு இடம் வேறுபட்டது பதிவாகியிருந்தது. அவ்வேறுபாட்டின் காரணத்தை முழுமையாக ஏற்பதற்குள், அதனைத் தம் உடலில் சுமந்த பல தலைமுறையினர் மறைந்துவிட்டனர்.